விஞ்ஞானமும் வீடும்: தங்கத்துக்கு மூன்று மூலை!

தங்கத்தின் நிறம் என்னவென்று கேட்டால், கேட்டவரை நீங்கள் ஏற இறங்கப் பார்ப்பீர்கள். மஞ்சள்தான், சந்தேகமென்ன? ஆனால் அதே சொக்கத் தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கி நீரில் மிதக்கவிட்டால், மாதுளைச் சாறுபோல் சிவந்துவிடும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே இந்தச் சிவப்பை ஆராய்ந்து 1857-ல் வெளியிட்டார். அவர் தயாரித்த தங்க நீர் இன்றும் அங்கே ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கிறது.

எவ்வளவு பொடி? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். சில பத்து நானோமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால், தங்கத்துக்கு மாற்று மட்டும் போதாது; உருவமும் பேச ஆரம்பித்துவிடும். உருண்டைக்கு ஒரு நிறம், தட்டைக்கு வேறு நிறம், வேறு குணம்!

இத்தனை சின்னத் துகளுக்கு உருவம் கொடுக்க எந்தத் தட்டானால் முடியும்? புணே தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரியும் அவர் குழுவினரும் 2004-ல் ஒரு தட்டானைக் கண்டுபிடித்தார்கள். யார் தெரியுமா? எலுமிச்சம் புல்! புல்லைக் கொதிக்க வைத்து இறுத்த சாற்றைத் தங்க உப்புக் கரைசலில் சேர்த்தார்கள். புல்லிலுள்ள சர்க்கரைச் சத்து தங்கத்தை மெல்ல மெல்லப் பிரித்தது. முதலில் தோன்றிய உருண்டைகள் ஒன்றோடொன்று கூடி மெல்லிய முக்கோணத் தகடுகளாயின. சாற்றைக் கூட்டினால் முக்கோணம் சிறுத்தது. கைப்பக்குவம் ரசத்துக்கு மட்டுந்தானா என்ன? மறு வருஷமே புளிய இலைச் சாற்றிலும் முக்கோணம் கிடைத்தது.

வெளி உருவம் இருக்கட்டும், உள்ளே அணுக்களின் அடுக்கையும் மாற்ற முடியுமா? பழக் கடையில் ஆரஞ்சு அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழ் வரிசையின் பள்ளங்களில் மேல் வரிசை உட்காரும். மூன்றாவது வரிசையை முதல் வரிசைக்கு நேர்மேலே வைக்கலாம். சற்றுத் தள்ளியும் வைக்கலாம். தள்ளி வைப்பதே தங்கத்தின் பிறவிக் குணம். 2011-ல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், சுமார் 2.4 நானோமீட்டர் கனமுள்ள சதுரத் தகடுகளில் அதை நேர்மேலே அடுக்க வைத்துவிட்டார்கள். ஆனால் நுண்நோக்கியின் எலெக்ட்ரான் கற்றை பட்டதும் தங்கம் பழைய அடுக்குக்கே திரும்பியது. புகுந்த வீட்டிலும் பிறந்த வீட்டுப் பழக்கம்!

இதனால் நமக்கென்ன லாபம் என்கிறீர்களா? கலவை, ஆர்க்காடு, வேலூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்குச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புணேயின் முக்கோணங்கள் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை உறிஞ்சும். ஜன்னல் கண்ணாடியில் பூசினால் வீட்டுக்குள் வரும் சூடு குறையலாம் என்று அந்தக் குழுவினரே 2005-ல் எழுதினார்கள்.

தண்ணீர்க் கவலையும் அந்தப் பக்கத்தில் உண்டு. தோல் பதனிட உதவும் குரோமியம் ஒரு வகை; புற்றுநோய் தரக்கூடிய குரோமியம் இன்னொரு வகை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவில் பொல்லாத வகையும் இருக்கிறது. பல்லேடியத் துகள்கள், ஃபார்மிக் அமிலத்தின் துணையோடு, பொல்லாததைச் சாதுவாக மாற்றுவதை ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன. இம்மாதிரித் துகள் எந்த முகத்தை வெளியே காட்டுகிறது என்பதைப் பொறுத்தே அதன் சுறுசுறுப்பு. ஆய்வுக்கூடத்துக் குப்பியிலிருந்து ஊர்க் கிணறுவரை வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

அதற்குள் “நானோ தங்கம்” என்று கிரீமையும் லேகியத்தையும் யாராவது வாசலில் விற்க வந்தால், உடனே பணப்பையைத் திறந்துவிடாதீர்கள். துகளின் அளவென்ன, உருவமென்ன, யார் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். நகைக் கடையில் மாற்று கேட்காமல் வாங்குவீர்களா?