டொக்குனு கேட்டா தூக்கிப் போடு!

"கிரைண்டருக்கு ட்ரெயினிங்கா? மாவாட்டறதுக்கெல்லாமாடா இப்ப கிளாஸ் எடுக்கறாங்க?" இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பின முதல் நாள் காலையில எங்க அம்மா அடிச்ச கமென்ட் இது. "அது இட்லி கிரைண்டர் இல்லம்மா, இரும்பு தேய்க்கிற சாணை மிஷின்"னு விளக்கிட்டு பஸ் பிடிச்சேன்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில ஒரு பட்டறை. அங்கே நடந்த ட்ரெயினிங் என்ன தெரியுமா? ஒரு ரெஜிஸ்டர், ஒரு பேனா. 'பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன்'னு போட்டிருந்த இடத்துல ஒரு கையெழுத்து. ஒரே நிமிஷம். முடிஞ்சது! நானும் சந்தோஷமா போட்டேன்.

மூணாவது நாள், பெஞ்ச் கிரைண்டர்ல சக்கரம் தேய்ஞ்சுபோச்சு. ஸ்டோர்ல இருந்து புதுசு எடுத்துட்டு வரச் சொன்னார் சீனியர் அண்ணன். வர்ற வழியில கை நழுவி, சக்கரம் தரையில விழுந்துடுச்சு. எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை. தூசியைத் தட்டிட்டு, நல்ல பிள்ளையா கொண்டுபோய் நீட்டினேன்.

அண்ணன் அதை உடனே மாட்டலை. நடு ஓட்டையில விரலை விட்டுத் தொங்கவிட்டார். ஸ்க்ரூடிரைவரோட மரக் கைப்பிடியால ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தட்டினார். டொக். கொஞ்சம் திருப்பித் தட்டினார். டொக். ஸ்டோருக்குப் போய் இன்னொண்ணு எடுத்து வந்து தட்டினார். கோயில் மணி மாதிரி 'ணங்'!

"கீழே போட்டியா தம்பி?" எனக்குத் தலை தானா கவிழ்ந்துடுச்சு.

சந்தையில பாட்டி மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாங்களே, அதே கதைதான். விட்ரிஃபைட் வகை சாணைச் சக்கரமும் பானை மாதிரி சூளையில சுட்டதுதான். உள்ளே விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரிஞ்சுடும். ரெசின் வெச்சு செய்யற மெல்லிசு கட்டிங் வீல் இப்படி மணியடிக்காது. அதுக்கு ஓரம் உடைஞ்சிருக்கா, நடுவுல இருக்கிற உலோக வளையத்துல போட்டிருக்கிற காலாவதி தேதி தாண்டிடுச்சானு பார்க்கணும். ஆமாம் பாஸ், மாத்திரைக்கு மட்டுமில்ல, சக்கரத்துக்கும் எக்ஸ்பைரி உண்டு!

'உடைஞ்சா என்ன, சின்ன கல்லுதானே'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுத்து சுத்தும். அப்போ சக்கரத்தோட ஓரம் போற வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல! உடைஞ்ச துண்டு அந்த வேகத்துலதான் நம்ம பக்கம் கிளம்பும். 7 இஞ்ச் சக்கரத்துக்கு வழக்கமான அதிகபட்ச அளவே சுமார் 8,500 சுத்துதான். கவசத்தைக் கழட்டிட்டு அதை இந்தச் சின்ன மிஷின்ல மாட்டினா? செகண்ட் இயர்ல படிச்சதுதான்: சக்கரத்தைப் பிய்க்கிற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல. எக்ஸாம்ல அஞ்சு மார்க், பட்டறையில ஒரு கண்ணு.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. சாணை மிஷின் பக்கத்துல, சக்கரம் பத்திரமா ஓடக்கூடிய உச்ச வேகத்தை எழுதி வைக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 30-ம் பிரிவே சொல்லுச்சு. பிரிட்டன்ல 1970-லயே, பயிற்சி பெற்று நியமிக்கப்பட்டவங்கதான் சக்கரம் மாட்டணும்னு விதி போட்டாங்க. சட்டங்கள் அப்புறம் மாறிடுச்சு. சக்கரத்தோட குணம் மாறலை.

அன்னிக்கு அண்ணன் கால் மணி நேரம் நிறுத்தி வெச்சு சொல்லிக் கொடுத்ததுதான் என்னோட நிஜமான ட்ரெயினிங்:

சக்கரத்துல போட்டிருக்கிற வேகம் மிஷினோட வேகத்தைவிடக் குறைவா இருக்கக் கூடாது. பெஞ்ச் கிரைண்டர்ல பொருளைத் தாங்குற தட்டுக்கும் சக்கரத்துக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி கூடாது. புதுசா மாட்டினா ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, நேரா நிக்காம பக்கவாட்டுல ஒதுங்கி நிக்கணும். கண்ணாடி கண்டிப்பா போடணும். பெஞ்ச் கிரைண்டர்கிட்ட துணிக் கையுறை வேண்டாம், இழுத்துக்கும். கடைசியா ஒண்ணு: "கீழே போட்டா சொல்லிடு தம்பி. திட்டு ஒரு நிமிஷம்தான்."

சாயங்காலம் பஸ்ல வரும்போது ஒண்ணு தோணுச்சு. 1936 ஜூலை 30-ம் தேதி இந்தப் புதுச்சேரியில மில் தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டதுல 12 பேர் செத்தாங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான் 8 மணி நேர வேலை சட்டமாச்சு. வேலை நேரத்தையே உயிரைக் கொடுத்துக் கேட்டு வாங்கின ஊர் இது. 'முதல்ல சொல்லிக் கொடுங்க, அப்புறம் கையெழுத்து போடறேன்'னு கேட்க நமக்கு என்ன கூச்சம்?

அடுத்த செமஸ்டர்ல இன்டர்ன்ஷிப் போகப் போற மக்களே, ரெஜிஸ்டரை நீட்டினா அதையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க. டொக்குனு கேட்டா, பேனாவை மூடி வெச்சுடுங்க!