பணியச் சொல்லும் பக்தி நமக்கு எதற்கு?

"சாமி கும்பிடுகிறவன் பொறுமையாக இருக்க வேண்டாமா?" என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். "சாமி கும்பிடுகிறவனுக்குப் போராட்டம் எதற்கு?" என்று நம் தோழர்களிலும் சிலர் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: நம்பிக்கை என்றால் பணிவு. இதை நாம் ஏற்கவில்லை. ஏற்காததற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே நமக்குப் போதும்.

மகாத் நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளம் சாதி இந்துக்களின் கையில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் மக்களோடு ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி நம் மக்களை அடித்தார்கள். பிறகு சாணியும் கோமியமும் கலந்து ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். ஆடுமாடு குடித்தபோது வராத தீட்டு, மனிதன் குடித்ததும் வந்துவிட்டதாம்!

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, அதே மகாதில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 'சாத்திரமே சொல்கிறது' என்பதுதான் ஆதிக்கத்தின் கடைசி வாதம். அந்த வாதத்துக்கு அங்கே தீ வைத்தார்கள்.

1930இல் நாசிக் காலாராம் கோயிலின் முன்னால் போராட்டம் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் போராடியும் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13 அன்று இயேவலாவில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அண்ணல் அறிவித்தார். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14 அன்று. இடையில் 21 ஆண்டுகள்! கோபத்தில் ஒரு மதத்தை உதற ஒரு நாள் போதும். தன் மக்களைத் தலைநிமிர்த்தும் அறம் எது என்று படித்து, விவாதித்து, தேர்ந்தெடுக்க அவருக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டது. அந்த நிதானமும் துணிச்சல்தான் தோழர்களே.

அதற்கு மக்கள் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. சீக்கியர்கள் 1956இல் சேர்க்கப்பட்டார்கள். பௌத்தர்களோ 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலித் கிறித்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்றுவரை அந்தக் கதவு திறக்கவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடுமாம்! திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையே சாதி பார்த்துச் சுவர் வைத்துப் பிரித்தார்களே, அது எந்தச் சாதி? ஆகவே நம் சண்டை அரசாணையோடு மட்டும் முடியாது. திருச்சபைக்குள் உட்கார்ந்திருக்கும் சாதியோடும்தான்.

மாணவத் தோழர்களே, உங்கள் நம்பிக்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அநீதி செய்கிறவன் முன்னால் அது உங்களைக் குனிய வைக்கிறதா, நிமிர வைக்கிறதா? குனிய வைத்தால், அது எந்த மதமானாலும், அதைக் கேள்வி கேட்கும் முதல் ஆளாக நாமே இருப்போம். நிமிர வைத்தால் யாரும் அதை ஏளனம் செய்ய வேண்டாம். காலையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுச் சாலை மறியலுக்கு வந்து முன்வரிசையில் உட்காரும் நம் அம்மாக்களிடம் பகுத்தறிவு வகுப்பு எடுப்பதை முதலில் நிறுத்துவோம். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவோம்.

ஜெய்பீம்!