முகத்தில் தோன்றாத மெய்ப்பாடு

இவ்வாண்டு மலருக்கு மெய்ப்பாட்டியல் பற்றி எழுதித் தருவதாகத் துறைத்தலைவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எழுத அமர்ந்தபோது பழைய மாணவர் ஒருவர் நினைவில் வந்து நின்றார். கட்டுரை அவர் பக்கம் திரும்பிவிட்டது.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டெனக் கூறுவார் தொல்காப்பியர். உள்ளத்து உணர்வு மெய்யில் புலப்படும், காண்போர் அதனை அறிவர் என்பதே அவ்வியலின் அடிப்படை. பல்லாண்டுகளாக இதனை நடத்தி வருகிறேன். உணர்வு உள்ளே நிறைந்திருந்தும் பிறர் எதிர்பார்க்கும் வகையில் அது முகத்தில் தோன்றாத மனிதரும் உண்டு என்பதை வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மாணவர் வேளச்சேரியில் எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர். வாய்மொழித் தேர்வில் நான் வினவ வினவச் சாளரத்தையே நோக்கி நின்றார். ஆயத்தமின்றி வந்தார் எனக் கருதிக் குறைந்த மதிப்பெண் இட்டேன். எழுத்துத் தேர்வில் அதே தாளில் அவர்தாம் வகுப்பில் முதல்வர். அவருக்கு ஆட்டிசம் என்பதைப் பின்னரே அறிந்தேன். முன்பே அறிந்திருந்தால் வேறு விதமாக நடந்திருப்பேனா என்பதும் ஐயமே.

பட்டம் பெற்றபின் நான்கு நேர்காணல்களுக்குச் சென்றார். ஓரிடத்தில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றனராம். "விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன்" என்றார் இவர். உண்மையான விடை. ஆயினும் வேலை கிட்டவில்லை. நேர்காணல் என நாம் நடத்துவது பெரும்பாலும் மெய்ப்பாட்டுத் தேர்வே அன்றி வேலைத் தேர்வன்று. கண்ணை நோக்கிப் பேசுகிறாரா, புன்னகைக்கிறாரா என்று பார்க்கிறோம். கணக்கெழுதுவதற்கும் புன்னகைக்கும் என்ன தொடர்பு?

அரசு ஆவணங்களில் இவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' எனக் குறிக்கின்றனர். தமிழாசிரியன் என்ற முறையில் இத்தொடர் என்னை உறுத்துகிறது. புற உலகின் ஒலியும் ஒளியும் மிகுதியாகத் தாக்குவதால் துன்புறுவோரைச் சிந்தனையற்றோர் என்பது எவ்வாறு பொருந்தும்? விசயநகர் பேருந்து நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு அம்மாணவர் இரு காதுகளையும் பொத்தி நிற்பதைக் கண்டோர் இப்பெயரைச் சூட்டியிருக்க மாட்டார்கள். நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை ஆட்டிசம் என்றே எழுதுவேன்.

சட்டம் இவர்களைக் காலந்தாழ்த்தியே கண்டுகொண்டது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கியது. அதில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கியது. அதில் 1 விழுக்காட்டினை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்திற்கும் பொதுவாக வைத்தனர். 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்பு எனச் சான்று பெற்றால்தான் அதுவும். நம் மாணவரைப் போல் ஓரளவு சமாளித்துப் பட்டம் வரை வந்தவர்கள் இடையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். சான்றும் எளிதில் கிடைப்பதில்லை, வேலையும் கிடைப்பதில்லை.

அச்சட்டம் 'தக்க இசைவுகள்' பற்றியும் பேசுகிறது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அவ்விசைவுகளிற் பல செலவற்றவை. வினாவை முன்னரே எழுதித் தரலாம். இரைச்சல் இல்லாத மூலையில் இருக்கை தரலாம். ஏவும் பணியை வாயாற் சொல்லாமல் தாளில் எழுதித் தரலாம். டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் என அறிந்தபின், 2004-இல் இத்தகையோர்க்கெனவே ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கே பேச்சைக் கேட்டு எடைபோடுவதில்லை. செய்து காட்டச் சொல்லிப் பார்த்தனர்.

இதைப் படித்து, ஆட்டிசம் உடையோர் யாவரும் கணினி மேதைகள் என எண்ணிவிட வேண்டா. அது மற்றொரு தவறு. சிலர்க்குப் பேச்சே வாராது. வாழ்நாள் முழுதும் துணை வேண்டுவோரும் உளர். நம் மாணவர்க்குக் கணினி பிடிக்காது. தரமணி இரண்டே நிறுத்தம் என்பதால் அவருடைய தாயார் கணினிப் பயிற்சியிற் சேர்த்தார். இரு மாதத்தில் நின்றுவிட்டார். "எங்க காலத்துக்கப்புறம் இவன் என்ன செய்வான் சார்?" என்று அந்த அம்மையார் என்னிடம் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. என்ன வேலை வேண்டும் என்று அவரையே எவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தாளில் எழுதிக் கேட்டேன். "சரக்கறை. அங்கே சத்தம் இல்லை" என்று எழுதினார்.

என் உறவினர் ஒருவர்க்கு வாகன உதிரிபாகக் கடை உண்டு. நேர்காணல் வேண்டா, இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள் என்றேன். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாளே இருப்புப் பதிவேட்டில் இருந்த பிழைகளைப் பட்டியலிட்டு அவர் மேசையில் வைத்துவிட்டாராம் நம்மவர். இப்போது மூன்றாம் ஆண்டு. வாடிக்கையாளரிடம் பேச அவரை அனுப்புவதில்லை. மற்ற ஊழியர்க்குரிய ஊதியமே அவருக்கும்.

இம்மலரைப் படிக்கும் பெரியவர்களிற் பலர் கடையும் பண்டகசாலையும் உடையவர்கள். தத்தம் தெருவில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பட்டதாரி எவரேனும் உளரா என விசாரித்துப் பாருங்கள். என் பங்கிற்கு, வாய்மொழித் தேர்வு வினாக்களை முந்தின நாளே எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கொணருமாறு துறைக் கூட்டத்தில் கேட்டுள்ளேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றனர்.