ஒளியையும் நாமே வரைவோம்

ஆண்டு விழா நெருங்குகிறது என்றால் நம் பள்ளியில் இரண்டு மாதங்களுக்கு முன்பே பரபரப்புத் தொற்றிக்கொள்கிறது. அரசன் யார், அரசி யார், தோழி வேடம் எந்த வகுப்புக்கு, எந்தப் பாட்டுக்கு எத்தனை பேர் என்று இடைவேளையெல்லாம் இதே பேச்சுத்தான். உடைகளைப் பற்றிய கவலை நமக்கு இல்லை. பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போய்வரும் பெற்றோர் நிறைந்த ஊர் குன்னத்தூர். கேட்டால் கட்டிங் துணி மூட்டையாகவே வந்து இறங்கும். வசனத்துக்கு ஓர் ஆசிரியை, இசைக்கு ஓர் அருட்சகோதரி, ஒப்பனைக்கு மேல்வகுப்பு அக்காமார் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. ஒளிக்கு மட்டும் ஒருவரும் இல்லை. விழா நாளன்று பிற்பகல் மைக்செட்காரர் வண்டியில் வந்து, கைக்கு எட்டிய இடத்தில் நான்கு போகஸ் விளக்குகளைக் கட்டிவிட்டுப் போனால், அதுவே நமது ஒளியமைப்பு!

இது போதாது என்பதே எங்கள் கருத்து. மேடையில் எந்த விளக்கு எங்கே தொங்க வேண்டும், எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்ற திட்டத்தை மாணவிகளே, நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் உட்கார்ந்து, மென்பொருளின் துணையோடு வரைய வேண்டும். விழாவன்று விளக்கை இயக்கும் இடத்திலும் ஒரு மாணவியே இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். கண்ணகி நீதி கேட்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிலம்பு உடைகிறது, மாணிக்கப் பரல் தெறிக்கிறது, பாண்டியனின் செங்கோல் வளைகிறது. அந்த நேரத்தில் அவையின் மற்ற பகுதி மங்கி, கண்ணகியின் முகமும் கையும் மட்டும் தெரிந்தால் பார்ப்பவர் மூச்சுக்கூட விடமாட்டார். நாங்கள் பார்த்த ஒரு மேடையில் நடந்தது வேறு. அதே காட்சியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் மாறி மாறிச் சுழன்றன. கல்யாண மண்டபத்து வரவேற்பு மேடைபோல ஆகிவிட்டது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மூன்று வாரம் வசனம் மனப்பாடம் செய்த அந்தப் பெண் தலைகுனிந்து இறங்கினாள். விளக்கை இயக்கியவரைக் குறைசொல்ல முடியுமா? அவர் கையில் ஒரு தாளைக்கூட யாரும் கொடுக்கவில்லையே!

அந்தத் தாளைத்தான் ஒளி வரைபடம் என்கிறார்கள். மேடையை மேலிருந்து பார்ப்பதுபோல் அளவெடுத்து வரைந்து, ஒவ்வொரு விளக்கும் எங்கே கட்டப்படுகிறது, எந்தப் பக்கம் நோக்குகிறது, என்ன நிறம், அதன் எண் என்ன என்று குறித்துவைப்பது. வீடு கட்டுபவருக்குப் பிளான் எப்படியோ, பனியன் வெட்டுபவருக்குப் பேட்டர்ன் எப்படியோ, அப்படி. கூடவே இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று விளக்குகளின் பட்டியல். மற்றொன்று, எந்த வசனத்தில் எந்த விளக்கு எத்தனை நொடியில் ஏறி இறங்க வேண்டும் என்ற குறிப்புத்தாள். இதைக் கியூ ஷீட் என்பார்கள்.

இந்தக் கலையை ஒழுங்குபடுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ். நடிப்பவரின் முகத்துக்கு வலமும் இடமுமாக, ஏறக்குறைய 45 பாகை கோணத்தில், மேலிருந்து இரண்டு விளக்குகள் விழ வேண்டும், ஒன்று சற்றே வெதுவெதுப்பான நிறமாகவும் மற்றொன்று குளிர்ந்த நிறமாகவும் இருக்க வேண்டும் என்று 1932-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். முகத்தில் மேடுபள்ளம் தெரிவது இதனால்தான். நம் மேடையிலோ விளக்குகளைத் தரையில் வைத்து நேராக மேல்நோக்கி அடிக்கிறோம். மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறுகிறது. பின்திரையில் ஒவ்வோர் அரசிக்கும் ஒரு கரிய பூதம் துணைக்கு நிற்கிறது.

ஆனால் நாம் அறிய வேண்டிய பெயர்கள் வேறு இரண்டு. இரண்டும் பெண்களின் பெயர்கள். ஜீன் ரோஸென்தால் (1912–1969) என்ற அம்மையார், ஒளியமைப்பு என்பது தனி ஒரு தொழில் என்று நாடக உலகம் ஏற்றுக்கொள்ளும்படி செய்த முன்னோடி. நம் அருட்சகோதரிகளுக்கு மிகவும் பிடித்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரைப்படமாவதற்கு முன், 1959-இல் நியூயார்க்கில் மேடை நாடகமாக வந்தபோது, அதற்கு ஒளியமைத்தவர் இவர்தான். அடுத்தவர் தாரோன் மஸ்ஸர். 1975-இல் 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகத்திற்கு, விளக்குகளின் அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் கணிப்பொறிப் பலகையை பிராட்வே மேடைக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் அவர். அதுவரை ஒவ்வொரு கைப்பிடியையும் ஆட்கள் நின்று கையால் ஏற்றி இறக்கினார்கள். கணிப்பொறியும் மேடை விளக்கும் கைகோத்த இடத்திலேயே ஒரு பெண் நின்றிருக்கிறார். "பெண்பிள்ளைகளுக்கு எதற்கு வயர் வேலை?" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதாதா?

நம் நாட்டிலும் பெரியவர்கள் உண்டு. கல்கத்தாவில் 1959-இல் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குவதை ஒளியாலேயே காட்டியவர் தபஸ் சென். தமிழ் மேடையில் ஆர். எஸ். மனோகரின் புராண நாடகங்களில் ஒளியின் மாயாஜாலத்தைக் கண்டு வாய்பிளந்ததை நம் தாத்தா பாட்டியர் இன்றும் சொல்வார்கள். நவீன தமிழ் நாடகங்களுக்கு ஒளியமைத்துப் பெயர்பெற்ற செ. ரவீந்திரன் மின்பொறியாளர் அல்லர்; தமிழ் கற்பித்த பேராசிரியர். வசனத்தின் பொருள் தெரிந்தவருக்குத்தான் அதன் ஒளியும் தெரியும் என்று நாங்கள் எண்ணுகிறோம். அப்படியானால் மாதக்கணக்கில் நாடகத்தோடு பழகிய மாணவிக்கு இருக்கும் தகுதி, அன்று பிற்பகல் வந்திறங்கும் வெளியாளுக்கு எப்படி வரும்?

இனி மென்பொருளுக்கு வருவோம். வெளிநாட்டு நாடகக் கம்பெனிகள் வெக்டர்வொர்க்ஸ் ஸ்பாட்லைட் போன்ற விலையுயர்ந்த மென்பொருள்களில் வரைகின்றன. நமக்கு அவை வேண்டியதில்லை. 'கியூ லைட் கன்ட்ரோலர் பிளஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். விளக்குகளைத் திரையில் இடம்பார்த்து வைக்கலாம். நிறத்தை மாற்றிப் பார்க்கலாம். காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்தது வரும்படி செய்யலாம். மேடையின் பிளானை மட்டும் வரைவதானால் லிப்ரே ஆபீஸில் உள்ள படம் வரையும் பகுதியே தாராளம்.

கணிப்பொறி விளக்கோடு பேசும் மொழிக்கு டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். 1986-இல் அமெரிக்காவின் மேடைத் தொழில்நுட்பச் சங்கம் ஒன்று வகுத்த முறை. ஒரே கேபிளில் 512 தடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு. 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு முகவரி எண் கொடுக்க வேண்டும். ஏழு தடங்கள் கொண்ட நான்கு விளக்குகள் என்றால் முகவரிகள் 1, 8, 15, 22. சில விளக்குகளின் பின்புறத்தில் இந்த எண்ணை வைக்கச் சிறுசிறு சுவிட்சுகள் இருக்கும். அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகும். 22 வேண்டுமானால் 16, 4, 2 ஆகிய மூன்றையும் போட வேண்டும். கணிப்பொறிப் பாடத்தில் இருநிலை எண் எதற்கு என்று முணுமுணுத்தோமே, இதற்குத்தான்!

இங்கேதான் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் படிவங்களை அப்படியே எடுத்துக்கொள்வதால் பயனில்லை. அவை பார்வையாளர் தலைக்கு மேலே இரும்புக் குழாய்கள் ஓடும் மூடிய அரங்குகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. நமக்கோ திறந்தவெளி, இரண்டு பக்கமும் நட்ட கம்பங்கள்தாம் தூண். மேடைக்கு முன்னால் நிற்கும் வேப்பமரம் எந்த மென்பொருளின் பட்டியலிலும் இராது, அதை நாம்தான் வரைய வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் விழாவில் முதல் அரைமணி நேரம் சூரியனே ஒளியமைப்பாளர் என்பதையும் குறிப்புத்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வாடகைக்கு வரும் எல்.இ.டி. விளக்குகளில் பல, பெயர் தெரியாத தயாரிப்புகள். மென்பொருளின் பட்டியலில் அவையும் இரா. அதனால் என்ன? அந்த மென்பொருளிலேயே புதிய விளக்கை நாமே வரையறுக்கும் பகுதி உண்டு. விளக்கைக் கேபிளில் மாட்டி, முதல் தடத்தை ஏற்றினால் என்ன நடக்கிறது, இரண்டாவதில் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினால், ஒரு மணி நேரத்தில் அது நம்முடைய விளக்காகிவிடும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும்; அது நம்மிடம் இருக்கிறது.

நிறத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பூர் கம்பெனிகளில் சாயத் துணியைச் சரிபார்க்க லைட் பாக்ஸ் என்ற பெட்டி இருப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு துணிகள், கடைகளில் எரியும் டி.எல்.84 விளக்கில் வெவ்வேறாகத் தெரியும். அதனால்தான் இரண்டிலும் பார்க்கிறார்கள். மேடையிலும் இதே கதைதான். செக்கச்சிவந்த பட்டைப் பச்சை விளக்கில் நிறுத்தினால் கறுப்பாகத் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து எல்.இ.டி. தரும் வெள்ளையில் மஞ்சள் குறைவு. நம் மாநிற முகங்கள் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். பழைய ஹாலஜன் விளக்கின் வெதுவெதுப்பு முகத்துக்கு நல்லது. ஆகவே முகத்துக்கு ஹாலஜன், பின்திரைக்கு எல்.இ.டி. என்று பிரித்துக்கொள்ளலாம். உடை எடுக்கும் குழுவும் ஒளிக்குழுவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஏற்றுமதிக்குப் போகும் பனியனுக்குக் காட்டும் கவனத்தை நம் பிள்ளைகள் உடுத்தும் உடைக்குக் காட்டக் கூடாதா?

பெற்றோருக்கு ஒரு அச்சம் உண்டு. அது நியாயமான அச்சந்தான். மின்சாரம் விளையாட்டல்ல. 1000 வாட் ஹாலஜன் ஒன்று 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எட்டு விளக்கென்றால் சுமார் 35 ஆம்பியர். வகுப்பறையின் சாதாரண பிளக் தாங்காது. அந்த இணைப்பையும் எர்த்தையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும், விளக்கைக் கம்பத்தில் ஏற்றிக் கட்டுவதும் அவருடைய ஆள்களின் வேலை. மாணவிகள் தொடுவது கணிப்பொறியையும், சிறிய மின்னழுத்தத்தில் செய்தி கொண்டுசெல்லும் கேபிளையும் மட்டுமே. சுமைக் கணக்கை ஒளி வரைபடத்தின் மூலையில் முன்கூட்டியே எழுதிவிடுவதால் பாதுகாப்பு கூடுமே தவிரக் குறையாது. தவிரவும், நாள் முழுவதும் பவர் டேபிளில் உட்கார்ந்து ஓவர்லாக் மெஷின் ஓட்டிவிட்டு வரும் அம்மாமாரின் மகள்கள் நாங்கள். எந்திரம் என்றதும் ஒதுங்கி நில் என்று எங்களுக்குச் சொல்வது பொருத்தமாகத் தோன்றவில்லை.

படிப்பு கெடும் என்பது மற்றொரு கவலை. நடனத்துக்குப் போகும் நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. விளக்குக்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? தூரம் இருமடங்கானால் வெளிச்சம் கால்பங்காகும் என்ற இயற்பியல் விதி, கோணம், அளவுத்திட்டம், மின்னோட்டக் கணக்கு எல்லாம் பாடநூலில் இருப்பவைதாம். மேடைக்கு வர வெட்கப்படும் மாணவிகள் ஒவ்வொரு வகுப்பிலும் பத்துப் பேராவது இருக்கிறார்கள். ஆண்டு விழாவில் அவர்களுக்கு நாற்காலி தூக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதினோம் என்றாலும் தவறில்லை.

பள்ளி நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. தலையாட்டும் பெரிய விளக்குகள் வேண்டாம். புகை எந்திரம் வேண்டவே வேண்டாம். கணிப்பொறியையும் விளக்குகளையும் இணைக்கும் யூ.எஸ்.பி. கருவி ஒன்று, நல்ல டி.எம்.எக்ஸ். கேபிள், விழாவுக்கு முந்தின நாளே விளக்குகளை வரவழைக்க அனுமதி. பார்த்துப் பழகாமல் கியூ ஷீட் எழுத முடியாது. எத்தனை மென்பொருள் இருந்தாலும், வரைபடத்தை அச்சிட்டு ஒரு படியை மேடையோரத்துச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது கணிப்பொறி எழுந்து வருவதற்குள், டார்ச் அடித்துப் படிக்க அந்தத் தாள்தான் இருக்கும்.

முதல் வேலையை வரும் சனிக்கிழமையே தொடங்கலாம். நம் மேடையின் அகலம் எத்தனை அடி, ஆழம் எத்தனை அடி என்று கேட்டால் இன்று பள்ளியில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நீளம் தாண்டுதலை அளக்கும் டேப் விளையாட்டு அறையில் இருக்கிறது. சாவி உடற்கல்வி ஆசிரியையிடம்.