அந்நிய மண்ணில் எந்த வங்கி?

கடல் கடந்து பொருள் தேடுமாறு சொன்ன நம் முன்னோர், தேடிய பொருளை எவர் கையில் ஒப்படைப்பது என்பதைச் சொல்லாமலே போய்விட்டனர். சொல்லியிருப்பின், இத்தீவின் வடகரையில் எத்தனையோ குடும்பங்கள் கண்ணீர் வடித்திரா.

தொண்டைமானாற்றாருக்குக் கடல் புதிதன்று, அயல்நாடும் புதிதன்று. செல்வச்சந்நிதி முருகனை வணங்கிவிட்டுப் பாய்மரம் ஏறியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அயலூராகிய வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்து உலகை வியக்கவைத்தது. இரங்கூன் அரிசியும் நாகபட்டினத்துச் சரக்கும் இக்கரையில் இறங்கிய காலம் ஒன்றிருந்தது. பின்னர் மலாயாவின் புகையிரத நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்து இளைஞர் எழுதுவினைஞராய் அமர்ந்த காலம் வந்தது. 1983 ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சூரிச், ஒஸ்லோ என நம் மக்கள் சிதறுண்ட காலம் வந்தது. இன்று தொண்டைமானாற்றில் வெங்காயம் நடும் கமக்காரனுக்கும் வெளிநாட்டில் ஒரு மகனோ மகளோ உண்டு. ஆகவே, அந்நிய மண்ணில் வாழும் ஒருவன் எந்த வங்கியைத் தெரிவது என்னும் கேள்வி, அங்குள்ளவனின் கேள்வி மட்டுமன்று. இங்கு அடுப்பெரிவதும் எரியாததும் அதனையே பொறுத்திருக்கின்றது.

பழைய பாடங்களை முதலில் நினைவுகூர்வோம். 1906 ஆம் ஆண்டில் சென்னையில் ஆர்பத்நொட் என்னும் ஆங்கிலக் கம்பனி முறிந்து வீழ்ந்தது. வெள்ளைக்காரன் நடத்துவது, ஆகவே அசையாதது என்று நம்பிப் பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அந்த அவலத்தின் விளைவாகவே மறு ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றியது. 1942 இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து வந்த பணம் நின்றது. அவர்கள் அச்சிட்ட வாழைமர நோட்டுகள் 1945 இல் வெறுங் காகிதமாயின. 1963 பெப்ரவரியில் பர்மிய இராணுவ அரசு வங்கிகள் அனைத்தையும் தேசியமயமாக்கியது. அடுத்த ஆண்டில் ஐம்பது கியாத்து, நூறு கியாத்து நோட்டுகள் செல்லாவென அறிவித்தது. தலைமுறைகளாய்த் தேடியதை விட்டு வெறுங்கையுடன் கப்பலேறிய தமிழர்களின் கதையை நாம் மறந்துவிடலாகாது.

இவற்றால் பெறப்படும் பாடம் யாது? வங்கியின் கட்டடம் உயர்ந்ததா, நடத்துபவன் எந்த நிறத்தினன் என்பன பொருளல்ல. அவ்வங்கியின் பின்னால் எந்தச் சட்டம் நிற்கின்றது, அச்சட்டத்தின் பின்னால் எத்தகைய அரசு நிற்கின்றது என்பதே பொருள்.

"வெள்ளைக்காரன் வேண்டாம், நம்மவன் நடத்தினால் நம்பலாமே" என்பார் உளர். அவர்களுக்கும் வரலாறு விடை வைத்திருக்கின்றது. பி.சி.சி.ஐ. என்னும் வங்கியைப் பாக்கிஸ்தானியர் ஒருவர் 1972 இல் நிறுவினார். பிரித்தானியாவில் குடியேறிய ஆசியக் கடைக்காரர் பலர், பெரிய வங்கிகளில் முகங்கொடுத்துப் பேசுவாரின்றி, "இது நம்மவர் வங்கி" என்று அதனைத் தழுவினர். 1991 ஜூலை 5 ஆம் நாள், மோசடி வெளிப்பட்டு அவ்வங்கி மூடப்பட்டது. அந்நாளைய பிரித்தானியச் சட்டப்படி ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, இருபதாயிரம் பவுணின் முக்கால் பங்கு, அதாவது பதினையாயிரம் பவுண் மட்டுமே. மிகுதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்பாகப் பேசுவோன் எல்லாம் காவலன் அல்லன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அத்துணை தூரம் போவானேன்? எங்கள் அயலில் ஒரு பெரியவர். புகையிலைக் கன்றை நட்டும் நகையை அடகு வைத்தும் மகனை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மகன் இராப்பகலாய் உணவகத்தில் உழைத்தான். உழைத்ததை வங்கியில் இடாமல், ஊரவர் ஒருவர் நடத்திய சீட்டிலே கட்டினான். "ஊர்ப் பொடியன், கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்பவன்" என்பதே அவன் கண்ட ஒரே பிணை. ஒரு நாள் சீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பொலிசுக்குப் போகவும் வழியில்லை, எழுத்தில் ஒன்றுமில்லை. மீட்கப்படாத நகையைப் பற்றி அந்த வீட்டில் இன்றும் எவரும் பேசுவதில்லை.

ஆயினும் அந்த இளைஞனை மட்டும் பழித்தல் அறமன்று. மொழி அறியாதவனாய், கையில் ஒரு தற்காலிகக் கடதாசியோடு வங்கி வாசலில் நிற்பவனை, "முகவரிச் சான்று எங்கே, சம்பளச் சான்று எங்கே" என்று திருப்பி அனுப்பும்போது, அவன் சீட்டுக்காரனிடம் போகாமல் வேறு எவரிடம் போவான்? இங்கேதான் அறிவு துணையாக வேண்டும். வங்கிக் கணக்கு என்பது பல நாடுகளில் இன்று வங்கி முகாமையாளர் இடும் பிச்சையன்று. சட்டம் தந்த உரிமை. பிரான்சில் இவ்வுரிமை 1984 முதல் உண்டு. 2014 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டவிதியின்படி, அங்கு முறைப்படி வாழும் எவரும், புகலிடம் கோரியிருப்பவர் உட்பட, அடிப்படைக் கணக்கொன்றைக் கேட்டுப் பெறலாம். ஜேர்மனி 2016 ஜூன் முதல் இதனை நடைமுறைப்படுத்தியது. கனடாவில் வேலை இல்லாதவரும், முதலில் இடப் பணம் இல்லாதவரும், அடையாளத்தைக் காட்டினால் கணக்குத் திறக்கலாம் என்பது 2003 ஆம் ஆண்டின் விதி. பிரித்தானியாவிலோ நிலை வேறு. தங்குவதற்கு அனுமதி இல்லாதவருக்கு நடைமுறைக் கணக்குத் திறப்பதை 2014 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் தடுக்கின்றது. போகும் நாட்டின் சட்டத்தை அறிந்து போகிறவன், வாசலில் தலை குனியான்.

சரி, உரிமை உண்டு, எந்த வங்கி? மூன்று கேள்விகளைக் கேட்குமாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

முதலாவது, வங்கி முறிந்தால் என் பணத்துக்குப் பொறுப்பு யார்? பிரித்தானியாவில் 85,000 பவுணாக இருந்த வைப்புப் பாதுகாப்பு, 2025 டிசம்பர் 1 முதல் 120,000 பவுணாக உயர்த்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது 100,000 யூரோ. சுவிற்சலாந்தில் 100,000 பிராங்கு. கனடாவில் ஒவ்வொரு வகை வைப்புக்கும் 100,000 டொலர். அவுஸ்திரேலியாவில் 250,000 டொலர். இத்தொகை ஓர் ஆளுக்கு, ஒரு வங்கி உரிமத்துக்கு என்று கணக்கிடப்படுவது. ஒரே உரிமத்தின் கீழ் இரண்டு பெயர்ப்பலகைகள் தொங்குவதுண்டு. இரண்டிலும் பிரித்துப் போட்டேன் என்று மகிழ்பவன் ஏமாந்தவனே. கைத்தொலைபேசியில் நிமிடத்திற் கணக்குத் திறந்து தரும் புதிய நிறுவனங்கள் பலவற்றுள் சில வங்கிகள், சில வங்கிகள் அல்ல. வங்கி அல்லாதவற்றைச் செலவுக்குப் பயன்படுத்தலாம். ஆயுட்காலச் சேமிப்பை அங்கே வைக்கலாகாது.

இரண்டாவது, ஊருக்குப் பணம் அனுப்பினால் எவ்வளவு வழியிற் கரைகின்றது? "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்காதீர்கள். கட்டணத்தை விட்டுவிட்டு நாணய மாற்று வீதத்திலே பிடித்துக்கொள்வது பழைய வித்தை. இன்று நூறு பவுண் கொடுத்தால் தொண்டைமானாற்றில் என் தாயின் கையில் எத்தனை ரூபாய் சேரும் என்று மட்டும் கேளுங்கள். மூன்று இடங்களிற் கேட்டு ஒப்பிடுங்கள். அனுப்புஞ் செலவு நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படலாகாது என்பது 2030 இற்கென ஐக்கிய நாடுகள் சபை வகுத்த இலக்கு. அதனை அளவுகோலாய்க் கொள்ளுங்கள்.

மூன்றாவது, நாளை கடன் கேட்டால் இவ்வங்கி என்னை அறியுமா? வீடு வாங்கவும் கடை திறக்கவும் நினைப்பவனுக்கு, ஒழுங்காகச் சம்பளம் வந்து ஒழுங்காகக் கட்டணம் போன கணக்கே சாட்சி. சேமிப்பை முழுதும் தலையணைக்குள்ளும் சீட்டுக்குள்ளும் ஒளிப்பவனை அந்நாடு அறியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வாழ்வோர் 1900 இல் தேஜார்டின் தொடங்கிய கூட்டுறவு நாணய இயக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். ஐக்கிய நாணய சங்கங்களைக் கட்டி வளர்த்த யாழ்ப்பாணத்தானுக்கு அது அந்நியமாய்த் தோன்றாது.

இவற்றோடு ஓர் எச்சரிக்கை. "உன் கணக்கில் கொஞ்சப் பணம் வரும், எடுத்துத் தந்தால் உனக்கும் ஒரு பங்கு" என்று மாணவர்களை அணுகுவோர் உண்டு. இரவல் கொடுத்த கணக்கு மூடப்படும். பிரித்தானியாவில் அந்த மறு ஆறு ஆண்டுகள் வரை பெயரோடு ஒட்டியிருக்கும். சிறை செல்லவும் நேரலாம். மாடு இரவல் கொடுக்கலாம், மண்வெட்டி இரவல் கொடுக்கலாம். வங்கிக் கணக்கை எக்காலத்தும் இரவல் கொடுக்கலாகாது.

உண்டியல் முறையைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். போர்க்காலத்தில் வங்கிக் கதவுகள் மூடிக்கிடந்தபோது பல வீடுகளில் உலை கொதித்தது உண்டியலாலேயே. 2021 இலும் 2022 இன் தொடக்கத்திலும் கொழும்பு அரசு டொலருக்கு இருநூறு ரூபாய் என்று பிடிவாதம் பிடித்தது. வெளியிலோ அதனினும் மிகுதியாகக் கிடைத்தது. விளைவு யாது? 2020 இல் 710 கோடி டொலராக இருந்த தொழிலாளர் பணவரவு, 2021 இல் சுமார் 550 கோடியாகவும் 2022 இல் சுமார் 380 கோடியாகவும் சரிந்தது. 2022 மார்ச்சில் வீதம் தளர்த்தப்பட்டு, மே மாதத்தில் டொலர் 360 ரூபாய் வரை ஏறியது. இடையில் ஏப்ரல் 12 இல் நாடே கடனைத் தீர்க்க இயலாதென அறிவித்தது. உழைத்தவனின் பணத்துக்கு நேர்மையான விலை கொடாத அரசு, அவன் பின்வாசலால் அனுப்பினான் என்று குறை கூறுவது எங்ஙனம் பொருந்தும்? எனினும், வங்கி வீதமும் வெளி வீதமும் நெருங்கிவிட்ட இடத்தில், உண்டியலால் வரும் இலாபம் சிறிது, இடரோ பெரிது. அப்பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்கப்பட்டால், காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்ப்போம். தொண்டைமானாற்றிலே பிறந்து, பிரித்தானியக் கடவுச்சீட்டோடு ஆவணித் திருவிழாவுக்கு வருபவர், பருத்தித்துறை வங்கியொன்றின் வாசலில் நிற்கும்போது சட்டத்தின் கண்ணுக்கு யார்? இரட்டைக் குடியுரிமை பெறாவிடின், அவர் அந்நியரே! பிறந்த மண்ணில் அந்நியராக வங்கி தெரியும் நிலை நமக்கு வாய்த்திருக்கின்றது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பின், இத்தகையோர் வெளிநாட்டு நாணயத்தில் தனிப்பட்ட கணக்கும், முதலீட்டுக்கென உள்முக முதலீட்டுக் கணக்கும் திறக்கலாம். முதலிடும் பணத்தை இக்கணக்கின் வழியே கொண்டுவந்தால், பின்னர் சட்டப்படி மீட்டுச் செல்லலாம். உறவினர் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, பின்னர் பணமும் இழந்து உறவும் இழந்து நிற்பானேன்?

இங்கும் அதே முதற் கேள்வியைக் கேளுங்கள். இலங்கையில் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரையே. நூற்றுக்கு இரண்டு வட்டி கூடுதலென்று நிதிக் கம்பனியின் பின்னால் ஓடுபவர், 1940 இல் தொடங்கி எண்பது ஆண்டு நடந்த தி பினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020 மேயில் நீக்கப்பட்டதை நினைவிற் கொள்க. வயது மட்டும் உறுதிக்குச் சான்றாகாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அது வைப்பிடுபவரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாம். "எம் பிள்ளைகள் பனியில் உழைத்து அனுப்பும் பணத்தை நீங்கள் எங்கே கடனாகக் கொடுக்கின்றீர்கள்? எங்கள் வெங்காயச் செய்கையாளனுக்கும் மீனவனுக்கும் எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கிளை முகாமையாளரைக் கேளுங்கள். நேரான விடை தரும் வங்கியைத் தேர்ந்தெடுங்கள். கையெழுத்திடும் பத்திரத்தைத் தமிழில் விளக்குமாறும் கேளுங்கள். தமிழும் ஆட்சிமொழியென 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது, ஏட்டில் உறங்குவதற்காகவன்று.

நம் ஊரின் கடல்முகத்தில் ஒரு தடுப்பணை நிற்கின்றது. உவர்நீர் ஏறாமலும் நன்னீர் வீணாகாமலும் காப்பதற்கே அதன் கதவுகள். கதவு சரியாயின் வயல் விளையும். பழுதாயின் மண் உவராகும். புலம்பெயர்ந்தோரின் உழைப்பு மழைநீர் போன்றது. பெய்யும் காலம் நிலையன்று. முதல் தலைமுறை ஓய்ந்துகொண்டிருக்கின்றது; அடுத்த தலைமுறைக்கு இவ்வூர் ஒரு விடுமுறைக்கால நினைவாகவே இருக்கக்கூடும். மழை ஓயுமுன் கதவைச் செப்பனிடுவதே அறிவுடைமை.

ஆகவே, பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பின் இதனையும் கேளுங்கள்: "தம்பி, உழைச்ச காசை எங்கை வைச்சிருக்கிறாய்? அந்த வங்கி முறிஞ்சால் ஆர் பொறுப்பு?" அவனுக்கு விடை தெரியவில்லையாயின், அன்றே தேடத் தொடங்கட்டும்.