பாசியும் பயிரே! பாசி வளர்க்கும் பெண்ணும் விவசாயியே!

 

நெல் தண்ணீரில் மூழ்கினால் நாம் என்ன செய்கிறோம்? வி.ஏ.ஓ.விடம் ஓடுகிறோம். சிட்டா, அடங்கல் எடுக்கிறோம். இன்சூரன்ஸ் வரவில்லை என்றால் ரோட்டில் உட்காருகிறோம். கிடைப்பது கொஞ்சமோ நஞ்சமோ, கேட்பதற்கு ஒரு காகிதமாவது கையில் இருக்கிறது. மண்டபம், முனைக்காடு, சம்பை, மாங்காடு கரைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி வளர்க்கிற பெண்ணுக்கு அந்தக் காகிதமும் இல்லை. கடலுக்கு அடங்கல் யார் கொடுப்பது?

இது என்ன கோலம் போடுகிற வேலையா? பத்தடிக்குப் பத்தடி மூங்கில் மிதவை. அதில் இருபது கயிறு. கயிறு ஒவ்வொன்றிலும் இருபது துண்டு விதைப்பாசி. மொத்தம் 60 கிலோவைத் துண்டு துண்டாகக் கையால் கட்ட வேண்டும். ஓரா மீன் கடித்துத் தின்னாமல் இருக்க அடியில் வலை. 45 நாளில் அறுவடை. கடல் மனசு வைத்தால் ஒரு மிதவையில் 260 கிலோ வரும். அதில் 60 கிலோ மறுபடி விதைக்குப் போய்விடும். மீதி 200 கிலோவை மணலில் விரித்துக் காய வைத்தால், பத்துக்கு ஒன்று, இருபது கிலோதான் தேறும். மூங்கிலும் கயிறும் இற்றுப்போவது தனிக் கணக்கு. வாடை வீசினால் மிதவையே போச்சு.

இந்தப் பாசி பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாசி. கப்பாபைகஸ் என்று பெயர். மத்திய அரசின் உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் கொண்டுவந்தது. 2000க்குப் பிறகு பெப்சி கம்பெனி நுழைந்தது. 2008இல் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. சுயஉதவிக் குழுப் பெண்கள் வங்கியில் கடன் வாங்கிக் கடலில் இறங்கினார்கள். 2001இல் 21 டன்னாக இருந்த காய்ந்த பாசி, 2012-13இல் 1,490 டன்! எழுபது மடங்கு. கிலோ நாலரை ரூபாயில் தொடங்கிய விலை 35 ரூபாய்க்கு வந்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்த காசு அது. பாசியால் வாழ்வு வரும் என்று யாரும் இவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அப்புறம் வந்தது 2013. தண்ணீர் சூடேறியது. பாசி வெளுத்துத் தண்டு இற்று உதிர்ந்தது. விதைப்பாசியும் சேர்ந்து அழிந்தது. கம்பெனிக்கு வரவு குறைந்தது, அவ்வளவுதான். கரையில் நின்றவளுக்கோ பிழைப்பே போனது, கடன் மட்டும் அப்படியே நின்றது. வயலில் நடந்திருந்தால் அதற்குப் பெயர் பயிர்ச்சேதம். கடலில் நடந்தால் தலையெழுத்தா? என்னங்க நியாயம் இது?

இன்னொரு பழியும் இவர்கள் தலையில்தான். குருசடைத் தீவின் பவளப்பாறையில் இந்தப் பாசி படர்ந்திருப்பதை 2008இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அது உண்மை, மறைக்கத் தேவையில்லை. பவளம் செத்தால் மீனும் சாகும், மீனவன் வீட்டு அடுப்பும் அணையும். ஆனால் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்தது யார், பெண்களா? 1986இல் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு, விரலில் துணி சுற்றி மூழ்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறித்து வந்தவர்களைத் திருடர்களைப் போல விரட்டினார்கள். நம் கடலின் பாசியைப் பறித்தால் குற்றம், வெளிநாட்டுப் பாசியை வளர்த்தாலும் குற்றம் என்றால் அவர்கள் எதைத்தான் தின்பது? நம் கடலுக்கே உரிய பாசிகளை வளர்க்க விதையும் பயிற்சியும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நிலத்து விவசாயி இதைக் கேட்டு, "நமக்கென்ன?" என்று போக வேண்டாம். நீங்கள் நெல்லுக்கும் கரும்புக்கும் தெளிக்கிற பாசிச் சாறு இந்தப் பாசியிலிருந்து பிழிந்ததுதான். பாட்டிலுக்கு விலை வைப்பதும் கம்பெனி, கிலோவுக்கு விலை வைப்பதும் கம்பெனி. நடுவில் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போவது வேறு.

2020இல் பிரதமர் மீன்வளத் திட்டத்தில் பாசிக்கு 640 கோடி என்றார்கள். பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். நல்லது, வாங்கிக்கொள்கிறோம். ஆனால் மூங்கிலுக்கு மானியம் கொடுத்துவிட்டு விலையைக் கம்பெனி கையில் விட்டால், மானியம் போய்ச் சேருவது எங்கே? 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த பாசிப் பூங்காவின் நிர்வாகக் குழுவில் பாசிப் பெண்களுக்குப் பாதி இடம் வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் 22 பயிர் இருக்கிறது. பாசி இல்லை. அதைச் சேர்! மிதவைக்கு எண் போட்டு, வளர்ப்பவள் பெயரில் பதிவு செய்! பாசி செத்தால் அந்தப் பதிவை வைத்து நிவாரணம் கொடு!

மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நமது சங்கத்தோடு பாசிப் பெண்களும் வருகிறார்கள். வெளுத்து உதிர்ந்த பாசியை ஆளுக்கொரு கூடை எடுத்து வாருங்கள். கலெக்டர் மேசையில் கொட்டிக் கேட்போம், இது எந்தத் துறையின் பயிர் என்று!