நிர்வாகக் கல்வியும் கிராம அநுபவமும்

குஜராத் ராஜ்யத்து ஆனந்த் நகரிலுள்ள கிராம நிர்வாகக் கல்வி ஸ்தாபனம் இன்று ஒரு சர்வகலாசாலையின் அங்கமாகிவிட்டது. 2025-ம் வருஷம் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தின்படி, அந்த ஸ்தாபனத்தை மூலமாகக் கொண்டு திரிபுவன் கூட்டுறவுச் சர்வகலாசாலை தோன்றியிருக்கிறது. கூட்டுறவுத் துறைக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்பது நியாயமான விருப்பமே. கெய்ரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் சங்கத்தை ஆரம்ப முதல் தலைமை வகித்து வளர்த்த திரிபுவன்தாஸ் படேலின் பெயரை அதற்குச் சூட்டியதும் பொருத்தமே. ஆயினும், பெயர்ப்பலகை மாறும் இச்சமயத்தில், அந்த ஸ்தாபனத்தின் உயிர்நாடியாக இருந்துவந்த ஒரு முறைக்கு என்ன கதி நேரும் என்பதைத் தேசத்தின் நலனில் அக்கறையுள்ளோர் யாவரும் சிந்திக்க வேண்டும்.

அம்முறை யாது? நிர்வாகம் பயிலும் பட்டதாரி மாணவர்கள் வகுப்பறையை விட்டுப் புறப்பட்டு, சில வாரங்கள் கிராமத்திலேயே தங்கி, அங்குள்ள ஜனங்களின் வாழ்க்கையை நேரில் கண்டறிய வேண்டும் என்பதேயாகும். 1979-ம் வருஷம் வர்கீஸ் குரியனின் முயற்சியால் இந்த ஸ்தாபனம் ஏற்பட்டது. நகரத்து நிர்வாகக் கல்லூரிகளில் தேர்ச்சி பெற்றவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளையே நாடிச் சென்றனர். குடியானவர்களுக்குச் சொந்தமான சங்கங்களை நடத்த ஆள் கிடைப்பது அரிதாயிற்று. அக்குறையைத் தீர்க்கவே இங்கே 2 வருஷப் படிப்பு வகுக்கப்பட்டது. அதில் கிராமவாசத்திற்கும், சங்கங்களில் பெறும் பயிற்சிக்கும் முக்கிய ஸ்தானம் அளிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் அருமை குரியனுடைய வரலாற்றிலேயே விளங்கும். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியிலும் கற்று, அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்துக்கொண்டு, சர்க்கார் உத்தியோகஸ்தராக 1949-ம் வருஷம் அவர் ஆனந்துக்கு வந்தார். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே, தனியார் கம்பெனியொன்றின் ஏகபோகத்தை எதிர்த்து அந்த ஜில்லாக் குடியானவர்கள் 15 நாட்கள் பால் கொடுக்க மறுத்து, தங்கள் சொந்தச் சங்கத்தை நிறுவியிருந்தனர். அச்சங்கத்தின் பழைய யந்திரங்கள் அடிக்கடி பழுதுபடும்; திரிபுவன்தாஸ் குரியனைத் தேடி வருவார்; குரியன் சென்று செப்பனிட்டுக் கொடுப்பார். பழுதான யந்திரத்தால் கெட்டுப்போவது பால் மட்டுமன்று, குடியானவனின் ஒருநாள் வருமானமும் என்பதை அவர் எந்த வகுப்பறையிலும் கற்கவில்லை. அந்தக் கொட்டகையிலேயே கற்றார்.

நேரடிப் பயிற்சி தேவை என்பதை இன்று உலகமே ஒப்புக்கொள்கிறது. 1908-ம் வருஷம் ஏற்பட்ட ஹார்வர்டு வியாபாரக் கல்லூரி, நடந்த சம்பவங்களை வகுப்பில் விவாதிக்கும் முறைக்குப் பேர்போனது. 1961-ம் வருஷம் ஆமதாபாத்தில் நமது நிர்வாகக் கல்லூரி தோன்றியபோது அதற்கு ஒத்துழைப்பு அளித்ததும் அக்கல்லூரியே. அதுவும்கூட, விவாதம் மட்டும் போதாதென உணர்ந்து, 2011-ம் வருஷம் முதல் மாணவர்களை வெளியே அனுப்பி வேலையில் ஈடுபடுத்தும் பாடமொன்றைச் சேர்த்துக்கொண்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் மூதாட்டிகள் சொல்லி வந்ததைத்தானே அவர்களும் கண்டிருக்கிறார்கள்!

ஆனால் பயிற்சி என்ற பெயரில் நடப்பதெல்லாம் பயிற்சியாகிவிடாது. நமது நிர்வாகக் கல்லூரிகள் பலவற்றில், முதல் வருஷம் முடிந்ததும் மாணவர்கள் இரண்டு மாத காலம் ஏதேனுமொரு கம்பெனிக்குச் செல்வது வழக்கம். அங்கே மாணவன் கருதுவது, பின்னர் அங்கேயே உத்தியோகம் கிடைக்குமா என்பதை. கம்பெனி கருதுவது, இவன் நமக்கு உபயோகப்படுவானா என்பதை. இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. பிழைப்பைத் தேடுவது இயல்பே. எனினும், இவனுடைய யோசனையால் லாபமோ நஷ்டமோ அடையப்போகிற ஜனங்களின் முகத்தை அவன் ஒருமுறையேனும் பார்க்கிறானா? நமது கேள்வி அதுவே.

பால் சங்கமொன்றில் காலையிலும் மாலையிலும் பால் அளக்கும் இடத்தில் மாணவன் நிற்கட்டும். ஒவ்வொருவர் பாலிலும் மாதிரி எடுத்துக் கொழுப்பைப் பரிசோதிக்கிறார்கள். அதைக்கொண்டு விலை நிர்ணயமாகிறது. பரிசோதனையில் சிறிது தவறு நேர்ந்தாலும் ஓர் ஏழைப் பெண்ணின் கூலி குறைகிறது. கோடையில் பால் வரவு குறைந்ததென்று கணக்குப் புத்தகம் காட்டும். தீவனம் வாங்கப் பணமில்லாமல் மாட்டை விற்றுவிட்ட குடும்பத்தின் கதையை அது காட்டாது. அக்கதையை அறியாதவன் வகுக்கும் திட்டம் எத்தகையதாக இருக்கும்? மேலும், சங்கத்தில் பால் ஊற்றுகிறவளே சங்கத்தின் சொந்தக்காரி. நிர்வாகி அவளுக்கு எஜமானன் அல்லன், ஊழியன். இந்தப் பணிவு பரீட்சைத் தாளில் எழுதி வாங்கத்தக்கதன்று.

புதிய சர்வகலாசாலை லட்சக்கணக்கானோருக்குப் பயிற்சியளிக்க எண்ணுகிறது. பல ராஜ்யங்களிலுமுள்ள கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது. அபாயம் இங்கேதான் இருக்கிறது. தொகை பெருகும்போது முதலில் சுருங்குவது கிராமவாசமே. செலவு அதிகம், மேற்பார்வை கடினம், பாஷை தெரியாது என்று காரணங்கள் சொல்லப்படும். சில வாரங்கள் சில தினங்களாகும். சில தினங்கள் ஓர் உல்லாசப் பிரயாணமாகும். கடைசியில் அறிக்கை ஒன்றே மிஞ்சும்.

அச்சிரமங்கள் மெய்யானவையே. ஆயினும், செலவுக்கு அஞ்சி ஆஸ்பத்திரி இல்லாமல் வைத்தியக் கல்லூரி நடத்த எவரேனும் துணிவரா? கூட்டுறவு நிர்வாகம் பயில்வோருக்குச் சங்கமே ஆஸ்பத்திரி. ஆகவே மூன்று யோசனைகளை அதிகாரிகள் முன் வைக்கிறோம். அருகிலுள்ள சங்கங்களோடு நிரந்தர ஒப்பந்தம் செய்துகொள்ளாத கல்லூரியை இணைத்துக்கொள்ளக் கூடாது. மாணவன் தயாரிக்கும் அறிக்கையை, அச்சங்கத்து அங்கத்தினர் கூட்டத்தில் அவர்களுடைய பாஷையிலேயே படித்துக் காட்ட வேண்டும். அவனுக்கு மதிப்பெண் வழங்குவதில் ஆசிரியரோடு அங்கத்தினர்களுக்கும் பங்கிருக்க வேண்டும். தான் எழுதியது தவறென்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர்கள் முன்னிலையில் நிற்கும்போதுதான் மாணவனுக்குப் பொறுப்பு பிறக்கும்.

2021-ம் வருஷம் மத்திய சர்க்காரில் கூட்டுறவுக்கெனத் தனி இலாகா ஏற்பட்டது. இப்பொழுது சர்வகலாசாலையும் வந்துவிட்டது. சட்டமும் கட்டடமும் சர்க்காரால் ஆகக்கூடியவை. சங்கங்களை உயிரோடு வைத்திருப்பது, குடியானவனை எஜமானனாக மதிக்கத் தெரிந்த வாலிபர்களாலேயே ஆகும். அத்தகைய வாலிபர்களைக் கிராமத்து மண்ணே தயார் செய்யும். அந்த மண்ணை மிதிக்காமல் பட்டம் பெறுவதற்குத் திரிபுவன்தாஸின் பெயர் தாங்கிய கலாசாலை ஒருகாலும் இடந்தரலாகாது.